அப்பா எழுதிக்கொடுத்த பவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போயிற்று. புத்தி போகவில்லை. கணவனை இழந்து, கல்லங்குறிச்சியில் அவரோடு இருந்த எனக்கு அது தெரியும். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உலை கொதிக்கும் நேரம்கூட ஆகும். சம்மதமென்றால் கண்ணை மூடித் திறப்பார். வேண்டாமென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடலையா சோளமா, யாருக்குக் குத்தகைக்கு விடுவது, எல்லாவற்றையும் இரண்டு வருஷம் அவரே முடிவுசெய்தார். நான் போய்ச் சொல்லிவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

அரியலூரில் வேலையிலிருந்த அண்ணன், எங்கள் மேட்டுக்காட்டைச் சுண்ணாம்புக்கல் எடுப்பவர்களுக்கு விற்க நினைத்தார். அப்பாவைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அதேதான். கழுத்து வலியில் திரும்பியிருப்பார் என்றார் அண்ணன்.

வக்கீலிடம் என்னையும் அழைத்துப்போனார். முடிவு அப்பாவுடையதாகவே இருக்க, நான் பக்கத்திலிருந்து எடுத்துச்சொல்கிற மாதிரி ஏதாவது எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"அப்படி ஒரு பத்திரம் கிடையாதும்மா. ஒண்ணு, தனக்குப் பதிலா கையெழுத்துப் போட்டு விக்கலாம்னு அவரு மகனுக்குப் பவர் எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா புத்தி சரியில்லேன்னு கோர்ட்டுல சொல்லி கார்டியன் போடணும்."

அப்பாவைப் பைத்தியம் என்று நாலு பேர் முன்னால் படிப்பார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. பவரே மேல் என்று நானே சொன்னேன்.

ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வாடகைக் காரில் கொண்டுபோனோம். பத்திரத்தைப் படித்துக்காட்டிய அதிகாரி, சம்மதந்தானா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். வெளியே அடுத்த பத்திரத்துக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா சொல்றாரு?" அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். குளிப்பாட்டி, ஊட்டி, அண்ணனோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோயிருந்தேன்.

"சரிங்கிறாருங்க."

அண்ணன் அவருடைய இடது பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார். அதற்குப் பிறகுதான் அப்பாவின் முகம் மெல்லத் திரும்பியது. யாரும் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கஞ்சி வேண்டுமா என்று கேட்டேன். கண்ணும் மூடவில்லை, முகமும் திரும்பவில்லை. நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. கொடுத்ததைக் குடித்தார். அண்ணன் விற்ற மேட்டுக்காட்டில் வெடி வைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியபோதும் அப்படியே கிடந்தார். ஒரு வருஷத்துக்குள் போய்ச்சேர்ந்தார்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாமல் போனது நல்லதாய்ப் போயிற்று என்று காரியத்தன்று அண்ணன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியா என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். நானும் ஆமாம் என்றேன்.