அடுப்பை இடித்த மகள்

நான்கு வருடத்துக்கு முன்பு, கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் எங்கள் பழைய பலகை வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்பினேன். அப்பா இறந்த பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தார். முப்பது வருடம் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தவர். நான் ஒரே மகள், கோலாலம்பூரில் வேலை. கடைசிக் காலத்திலாவது அம்மாவை ராணி மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

பழைய வீட்டில் கை வைத்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஒரு பலகையைக் கழற்றினால் பக்கத்தில் நாலு பலகை உளுத்துப் போயிருக்கும். மழை விட்டால்தான் மணல் லோரி மேடு ஏறும். மழையோ விடுவதாக இல்லை. கடைசியில் எரிச்சல் தாங்காமல், "எல்லாத்தையும் பேத்துடுங்க" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். பலகைத் தரை போய் வெள்ளை டைல்ஸ் வந்தது. சமையலறையில் விறகடுப்பை இடிக்கச் சொல்லி, கேஸ் அடுப்பு வாங்கி வைத்தேன். புகை பிடித்த சாமான்களை வாசலில் குவித்தேன். அம்மா அடுப்போரம் உட்காரும் மணையும் அந்தக் குப்பையோடு போனது.

"அடுப்பு மட்டும் இருக்கட்டுமே" என்றார் அம்மா, ஒரே ஒருமுறை.

"ஐயோ அம்மா, இந்தக் காலத்துல யாரு விறகு எரிக்கிறா லா? புதுச் சுவரெல்லாம் கரியாயிடும்!"

வேலை முடிந்ததும் அம்மா, "நல்லாருக்கும்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். மாதம் ஒருமுறை போகும்போதெல்லாம் அம்மா ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காலுறை போட்டிருப்பார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் தடிப்பாக ஆறு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள், இரவல் வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அவர் வீட்டில் இன்னும் விறகடுப்புதான். அதன் ஓரத்தில் ஒரு மணை கிடந்தது. ஒரு பக்கம் பிளந்து, அப்பா ஆணி அடித்து வைத்த மணை. நான் குப்பையில் போட்டது.

"அன்னைக்கே அம்மா எடுத்துட்டு வந்துட்டாங்க தங்கச்சி. தெனமும் காலையில இங்கதான் வந்து குளிர் காய்வாங்க. அந்தத் தரையில நடந்தா காலு மரத்துப் போவுதும்பாங்க. மககிட்ட சொல்லிடாத, ஆசையா கட்டிக் குடுத்திருக்கா, மனசு ஒடஞ்சிடும்னு சொன்னாங்க."

கோலாலம்பூர் வெயிலுக்குச் சுகமாக இருக்கும் தரையை மலைக் குளிரில் பதித்திருக்கிறேன். அந்த மணையிலேயே உட்கார்ந்து அழுதேன். எடுத்துக்கொண்டு போ என்றார் அக்கா. எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எங்கள் வீட்டில்தான் அடுப்பு இல்லையே. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இன்றைக்கும் அந்த வெள்ளைத் தரையில் நிற்கும்போது, என் மனசு நோகக் கூடாது என்று அம்மா சொந்த வீட்டை விட்டு அடுத்த வீட்டு அடுப்பைத் தேடிப் போனதுதான் நினைவுக்கு வருகிறது. கால் எவ்வளவு சில்லிட்டாலும் காலுறை போட எனக்கு மனசு வருவதில்லை.