வாய் மூடக் கற்ற வாத்தியாரம்மா

"டீச்சர், இது வாயை மூடிக்கிட்டு உக்கார்றதுக்குச் சம்பளம் குடுக்கற தொழில்" என்று எனக்கு முதலில் சொன்னவள் பத்மா. எட்டாம் வகுப்பில் ஓயாமல் பேசியதற்காக அவளைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியவள் நான். பின்னாளில் அவள் அடையாறில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆலோசனை உளவியல் துறைக்குத் தலைவரானாள். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று, அஞ்சல்வழியில் தமிழிலேயே உளவியல் முதுகலை முடித்த என்னைக் கௌரவ விரிவுரையாளராக அழைத்துக்கொண்டவளும் அவளே. பேசிப் பேசியே தொண்டை கட்டிய ஆசிரியப் பெருமக்களுக்கு, அங்கே நான் பட்ட பாடு விளங்கும்.

மூன்று நாற்காலிகள்

எங்கள் செய்முறை வகுப்பில் மூவர் அமர்வர். ஒருவர் ஆலோசகர், ஒருவர் தம் சொந்த மனக்குறையைச் சொல்பவர், மூன்றாமவர் யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று கடிகாரம் பார்த்துக் குறிப்பவர். முதல் நாள், வழிகாட்டும் பொருட்டு ஆலோசகரின் நாற்காலியில் நானே அமர்ந்தேன்.

எதிரே திருவல்லிக்கேணியிலிருந்து வரும் மாணவி ஷமீம். தன் அக்கா நான்கு மாதமாகத் தன்னிடம் பேசுவதில்லை என்று அவள் தொடங்கினாள். மூத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் முறை என்ன, அதற்கான கடிதத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்று வரிசையாக எடுத்துரைத்தேன். கரும்பலகை ஒன்றுதான் குறை. அரைமணி முடிந்ததும், கடிகாரம் பார்த்த மாணவன் தினேஷ் தாளைப் படித்தான்: "மேம் இருபத்தாறு நிமிஷம். ஷமீம் நாலு நிமிஷம்."

காலி இருக்கை

அதன்பின் ஷமீம் செய்முறைக்கு வரவில்லை. தவறு யாருடையது என்று கேளாமலே மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிட்டேன் எனத் தோழியரிடம் வருந்தியிருக்கிறாள். வருகை குறைந்தால் தேர்வெழுத முடியாது; ஓர் ஆண்டு வீணாகும். அவளை அழைத்து விளக்கம் கேட்கப் போவதாகப் பத்மாவிடம் அறிவித்தேன். கோப்பிலிருந்து கண்ணெடுக்காமல் அவள் சொன்னாள்: "கூப்பிட்டாலும், அவ வந்து உங்க பேச்சைத்தான் கேக்கணும் டீச்சர்."

தி.நகர் ஆட்டோ

அன்று மாலை தி.நகரில் கடைக்குப் போய்விட்டு மயிலாப்பூர் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினேன். எந்த ஓட்டுநருக்கும் திருப்பத்துக்குத் திருப்பம் பாதை சொல்வது என் வழக்கம். அன்று வாய் திறக்க மனமில்லை. இரண்டு சிக்னல்கள் பொறுத்த ஓட்டுநர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா, வூட்ல எதுனா சண்டையா? சொல்லு, கேட்டுக்கினே ஓட்டறேன்."

அவள் கையில் என் கடிகாரம்

அந்த ஓட்டுநர் எனக்கு அறிவுரை ஏதும் சொல்லவில்லை, கேட்கத்தான் முன்வந்தார். அதுவே என்னை உறுத்தியது. மறுநாள் நூலகப் படியில் ஷமீமைக் கண்டேன். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்து, அன்று நான் எடுத்துக்கொண்ட நேரம் முழுவதையும் திருப்பித் தர வந்திருப்பதாகச் சொன்னேன்.

செய்முறை அறையில் எதிரெதிரே அமர்ந்தோம். பதினொரு நிமிடம் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது. நாவின் நுனியில் மூன்று அறிவுரைகள் வந்து நின்றன, மூன்றையும் விழுங்கினேன். பிறகு அவளாகவே பேசினாள். சண்டை என்று எதுவுமே இல்லை. இந்தப் படிப்பில் முதலில் இடம் கிடைத்தது அக்காவுக்குத்தான். நோயுற்ற தாயைக் கவனிக்க அவள் வீட்டோடு நின்றுவிட்டாள். ஷமீம் இங்கே சேர்ந்த நாளிலிருந்து அக்கா பேசவில்லை. இதற்கு எந்த மன்னிப்புக் கடிதம் உதவும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்ததென்று அதை என்னிடம் நீட்டினாள்: "இன்னைக்கு அக்கா பக்கத்துல போய்ச் சும்மா உக்காரப் போறேன் மேம். அவ பேசலேன்னாலும் பரவாயில்ல."

அடுத்த செய்முறைக்கு ஷமீம் வந்தாள். பட்டம் வாங்கிய அன்று அக்காவையும் உடன் அழைத்து வந்தாள். இப்போதும் மாலையில் கடற்காற்று வீசினால், அந்த அறையின் மூன்று நாற்காலிகளும் என் கண்முன் வந்து நிற்கின்றன. வாழ்நாளெல்லாம் பேசியே ஊதியம் பெற்ற நான், பேசாமலிருந்து திருப்பிக் கொடுத்தது சரியாக இருபத்தாறு நிமிடம்.