ஒயர் வழியே இறங்கிய தண்ணீர்

அவரைப் பம்பரம் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையில் கடைசியாக அச்சானது, அதோடு சரி. வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். இருபத்தாறு வருஷமாக ஒரே பட்டறை, ஒரே ஷட்டர், ஆனால் மனுஷன் மட்டும் ஒரே இடத்தில் நின்றதாகச் சரித்திரமே இல்லை. டீயைக்கூட நடந்துகொண்டுதான் குடிப்பார். இந்த வண்டியின் பானெட்டுக்குள் தலை இருக்கும்போதே அடுத்த வண்டிக்காரரிடம் வாய் பேசிக்கொண்டிருக்கும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதுதான் மிச்சம்.

இருந்தாலும் கைவேலை சுத்தம். ஒயர் தொய்ந்து தொங்கினால் அவருக்குப் பொறுக்காது. இழுத்துக் கட்டுவார். நூல் பிடித்தாற்போல் நிற்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஏன் இருக்கக்கூடாது?

அப்படிப்பட்டவர் வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசி இருபது நாள் ஆகிறது. காரணம் மாட்டு டாக்டரம்மாவின் ஜீப். மேட்டுப் பாதை, சேறு, ஓடை என்று எதிலும் நாலு சக்கரமும் இழுத்துக்கொண்டு ஏறுகிற பழைய வண்டி. அதைப் பதினோரு வருஷமாக ஓட்டியவன் பம்பரத்தின் மனைவிக்குத் தம்பி. அந்த வேலை போய்விட்டது. போக வைத்தது பம்பரத்தின் வாய்.

நடந்தது இதுதான். கன்று போட முடியாமல் ஒரு பசு தவிக்கிறது என்று தகவல் வந்து, ஒரு காலை நேரத்தில் டாக்டரம்மா கிளம்பினார். முந்தின நாள் முழுக்க நல்ல மழை. ஜீப் நடு ஓடையில் சட்டென்று அணைந்தது. சாவியைத் திருகினால் வைப்பர் ஓடியது, ஹாரன் அலறியது; இன்ஜின் மட்டும் மூச்சு விடவில்லை. டாக்டரம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார். போய்ச் சேரும்போது பசுவும் இல்லை, கன்றும் இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. கால்மிதியைப் பிழிந்தால் தண்ணீர்.

“இவ்வளவு தண்ணி எப்படிங்க உள்ள வந்துச்சு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

பம்பரத்துக்கு வாசலில் இன்னும் மூன்று வண்டிகள் காத்திருந்தன. யோசிக்க ஏது நேரம்? “தினமும் பைப்பைப் புடிச்சு உள்ள வெளியன்னு பாக்காம அடிச்சுக் கழுவுறான். வேற எங்கேர்ந்து வரும்?” என்று சொல்லிவிட்டார்.

மச்சான் பக்கத்திலேயே நின்றான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்த ஜீப்பைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தினமும் கழுவுகிறவன் அவன்தானே! டாக்டரம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நாளையிலேர்ந்து வர வேணாம்” என்றார்.

அன்று வீட்டில் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். “உண்மையாவே இருக்கட்டும்ங்க. என் தம்பிய நீங்களா காட்டிக் குடுக்கணும்?”

இருபத்தோராவது நாள், அவர் சரிபார்த்து அனுப்பிய அதே ஜீப் திரும்பி வந்தது. தெரு முனையிலேயே ஹாரன் சத்தம், அழுத்தாமலே அலறுகிறது. டாக்டரம்மாவே ஓட்டி வந்திருந்தார். சக்கரத்திலிருந்து கூரை வரைக்கும் சேறு அப்பிக் காய்ந்து, அதன்மேல் காலை மழை கோடு போட்டிருந்தது.

“மறுபடியும் கால்கிட்ட தண்ணி. கழுவி இருபது நாளாச்சு, பாத்தாலே தெரியுதுல்ல? இப்ப யாரு அடிச்ச தண்ணி இது?”

சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

அதற்குப் பிறகு பம்பரம் பட்ட பாடு இருக்கிறதே! முன் கண்ணாடி ரப்பர்தான் என்றார். யாரும் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொம்பு சொம்பாக ஊற்றினார். சொட்டு உள்ளே வரவில்லை. கதவு ரப்பர் என்றார். அதுவும் இல்லை. கூரை விளிம்பைத் தடவிப் பார்த்தார், தரையை அழுத்திப் பார்த்தார். தெருவுக்குப் போனார், வந்தார். அடுத்த வண்டிக்காரர் ஏதோ கேட்க, எரிந்து விழுந்தார். மச்சான் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை வேறு காதில் குடைந்துகொண்டே இருந்தது. “கழுவுனா ஒண்ணும் ஆகல மாமா, மழையில ஓட்டுனாத்தான் ஈரமாகுது.” அன்றைக்கு, “நீ வண்டிய ஓட்டு, ஒயர நான் பாத்துக்கறேன்” என்று அவனை விரட்டியிருந்தார்.

மத்தியானம் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். வைத்துவிட்டுத் திரும்பினவளை அவர்தான் நிறுத்தினார்.

“ஒரு கை குடு. பானெட்டத் தெறந்து வெச்சிருக்கேன். இன்ஜினுக்குப் பின்னால இருக்கற தகடு மேல பைப்ப மெதுவா வுடு. நான் உள்ள படுத்துப் பாக்கறேன்.”

அவள் பைப்பை எடுத்தாள். அவர் உள்ளே தரை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்து, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை அடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, இன்ஜின் பக்கமிருந்து தகட்டைத் துளைத்துக்கொண்டு வருகிற ஒரு மஞ்சள் ஒயரின் மேல் ஒரு துளி எட்டிப் பார்த்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே வழுக்கி, நேராக ஃப்யூஸ் பெட்டிக்குள் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. இன்னொன்று.

மஞ்சள் ஒயர், பனிமூட்டத்தில் போடுகிற முன் விளக்குக்குப் போவது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விளக்கை மாட்டியவர் யார்? அவரேதான். தகட்டில் ஓட்டையைப் போட்டதும் அவர்தான். அதில் ரப்பர் வளையம் போட்டிருக்க வேண்டும். அன்று அந்த அளவு வளையம் கைவசம் இல்லை. கடை நாலு தெரு தள்ளி. ‘அப்புறம் வாங்கிப் போட்டுக்கலாம்’ என்று டேப்பைச் சுற்றி விட்டிருந்தார். இன்ஜின் சூட்டில் டேப் சுருங்கிக் கழன்று கிடந்தது. ஒயரையாவது ஓட்டைக்கு முன்னால் கொஞ்சம் தொய்வாக வளைத்து விட்டிருந்தால், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டி வெளியே போயிருக்கும். அவர்தான் தொய்வு பிடிக்காதவராயிற்றே! விறைப்பாக இழுத்து, மழைக்கு நல்ல பாதை போட்டுக் கொடுத்திருந்தார்.

“தெரிஞ்சுதா?” வெளியிலிருந்து மனைவி கேட்டாள். இருபது நாளில் அவளாகக் கேட்ட முதல் வார்த்தை.

“ம்... ஏதோ ரப்பர்” என்றார்.

அவள் பைப்பை மூடிவிட்டுப் போய்விட்டாள். அவர் அப்படியே கிடந்தார். முதுகுக்குக் கீழே செய்தித்தாள் ஈரமானது.

பிறகு எழுந்து வேலையைப் பார்த்தார். நாலு தெரு தள்ளிப் போய் ரப்பர் வளையம் வாங்கி வந்து மாட்டினார். ஒயரை நீட்டிவிட்டு, ஓட்டைக்கு முன்னால் தொய்வாக வளைத்துக் கட்டினார். அரித்துப்போன முனைகளை வெட்டி எறிந்தார், துருவைச் சுரண்டி எர்த் கம்பியைப் புதிதாக முடுக்கினார். கை தன்பாட்டுக்கு ஓடியது, மனசுதான் நிலையாக நிற்கவில்லை. கண்ணாடி ரப்பர் என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? டாக்டரம்மா டேஷ்போர்டுக்கு அடியிலா படுத்துப் பார்க்கப் போகிறார்? ‘பழைய வண்டிம்மா, ஒழுகத்தான் செய்யும்’ என்று ஒரு வார்த்தை, முடிந்தது கதை. மச்சானுக்கு வேறு இடத்தில் வேலை பிடித்துக் கொடுத்துவிட்டால் போகிறது. இப்படி ஆயிரம் சமாதானம். ஒன்றுகூட மனசுக்கு ஒட்டவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து, “எங்கேர்ந்து வந்துச்சு?” என்றதும், கண்ணாடி ரப்பர் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

“நான் போட்ட ஓட்டைம்மா” என்று வந்துவிட்டது.

டார்ச்சை அடித்துக் காட்டினார். டாக்டரம்மா சேலையைச் செருகிக்கொண்டு நிஜமாகவே குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சேலையை உதறிக்கொண்டார்.

“டிரைவர நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. நானும் நேர்ல மன்னிப்புக் கேக்கணும். ஆனா முதல்ல நீங்க போய்ச் சொல்லணும், நீங்களே” என்றார். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பம்பரம் ஷட்டரை இறக்கினார். மச்சான் வீடு ரெண்டு மைல். போகிற வழியெல்லாம் வாங்கப்போகிற திட்டுகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். சட்டையைப் பிடிப்பான், பிடிக்கட்டும். கை ஓங்குவான், ஓங்கட்டும்.

மச்சான் வாசல் படியில் சும்மா உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். பம்பரம் நின்றபடியே ஒரே மூச்சில் கொட்டினார்: மஞ்சள் ஒயர், ஓட்டை, டேப், டாக்டரம்மா சொன்னது, எல்லாம்.

அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. வேலையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

“அப்ப... அந்தப் பசு என்னால சாகலியா மாமா?”

பம்பரம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன். எந்த நாளு தண்ணிய உள்ள வுட்டோம், எந்த நாளுன்னு... தூக்கமே இல்ல மாமா.”

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். அப்படியே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

“அக்கா! என்னால இல்லியாம்க்கா! நான் கழுவுனதால இல்லியாம்!”

அந்தப் பக்கம் அவள் கேட்டது பம்பரத்துக்கும் தெளிவாகக் காதில் விழுந்தது. “பின்ன யாராலடா?”

அவன் பம்பரத்தை நிமிர்ந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“மழைதான்க்கா. பழைய வண்டில்ல, மழைக்கு ஒழுகியிருக்கு” என்றான்.

பம்பரம் எட்டிப் போனைப் பிடுங்கினார்.

“மழையில்லடி, நான்தான்” என்றார். “நான் போட்ட ஓட்ட. பழிய உன் தம்பி தலையில போட்டேன். மத்தியானம் உன்கிட்டயும் மறைச்சேன்.”

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் பேசுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.