சர்வர் நிறைய முருகன்

இன்று காலை என் கைப்பேசி, இடமில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. மகன் வாங்கிப் பார்த்தான். தினமும் காலை வணக்கத்தோடு வந்து குவிகிற சாமி படங்களை அழித்தாலே போதும் என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான். அழிக்க விரல் வரவேண்டியது எனக்கல்லவா? திருத்தணியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவளுக்கு அது அத்தனை சுலபமில்லை.

இரண்டாயிரம் பிறந்த புதிது. பொதட்டூர்பேட்டையில் நெய்த லுங்கிகளை வாங்கி, மடித்து, லேபிள் ஒட்டி வெளியூருக்கு அனுப்புகிற கம்பெனி. கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். புது லுங்கியின் கஞ்சி வாசனை மாடிப்படி ஏறி எங்களிடம் வரும். இன்றும் துணிக்கடையில் அந்த வாசனை பட்டால் எனக்கு சர்வரின் இரைச்சல் கேட்கிறது. சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எல்லோருடைய கோப்புகளும் கிடக்கிற ஒற்றைப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பொறுப்பு நான். ஆபீஸில் ஏசி இருந்த ஒரே அறையில் அதுவும் நானும் குடியிருந்தோம்.

வெறும் ஃபோல்டரில் வேலை தொடங்கக் கூடாது, முதலில் முருகன் படம் வைக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அதற்காகக் காலண்டர் முருகனை, உள்ளதிலேயே உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். சாமிக்கு மட்டமாகச் செய்யலாமா? லுங்கிக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டருக்கு ஒரு முருகன். ஒவ்வொரு முருகனும் லேபிளைவிடப் பல மடங்கு கனம். சீக்கிரமே டிஸ்கில் இடமில்லாமல் போய் சர்வர் தவழ ஆரம்பித்தது. ஒரு லேபிளைத் திறந்தால் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். அதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். படங்களை எடுத்துவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"சாமிய குப்பத்தொட்டியில போட்டுட்டு யாவாரம் பண்ணச் சொல்றியா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டதில் எனக்கு வருத்தமும் இல்லை. காரணம் சேகர். லேபிள் வரைகிறவர். சர்வர் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் என் கதவைத் தள்ளித் தலையை நீட்டுவார்.

"மறுபடியும் நின்னுக்கினு இருக்குதுங்க. கொஞ்சம் பாருங்களேன்."

பார்ப்பேன். படம் இறங்குகிறவரை என் மேசையருகே நின்று, மணவூரில் ரயிலைத் தவறவிட்ட கதை, அக்காவுக்கு வரன் தேடி அலைகிற கதை எல்லாம் சொல்வார். வேகமான சர்வர் யாருக்கு வேண்டும்?

அப்போதுதான் கௌசல்யா வந்து சேர்ந்தாள். பள்ளிப்பட்டுக்காரி. என்னைப் போலவே டிப்ளமோ படித்தவள், பேச்சில் பாதி தெலுங்கு. நான் வருஷக்கணக்கில் 'சார்' என்று அழைத்த முதலாளியை வந்த வாரமே 'நைனா' ஆக்கிக்கொண்டாள், அவரும் உருகிப்போனார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்பார்களே, அதுதான். அவள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தால்கூட எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைக்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு வராது.

சர்வர் விஷயத்தையும் அவளே முதலாளியிடம் எடுத்துப் போனாள். "படி ஏறிப் போனாலும் வண்டியில போனாலும் மலை மேல ஒரே சாமிதானே நைனா? ஒரு படத்த மட்டும் வெச்சிக்கினு, மத்த ஃபோல்டர்ல எல்லாம் அதுக்குப் போற வழிய வெச்சிடலாம்."

மீதிப் படங்களை என்ன செய்வாய் என்று அவர் கேட்டார்.

"குப்பத்தொட்டிக்கே போவாது நைனா. புள்ளையார ஏரியில கரைக்கிறோமே, அந்த மாதிரி நேரா கரைச்சிடலாம்."

முதலாளி சர்வருக்குக் கற்பூரம் காட்டினார். மதியத்துக்குள் அத்தனை முருகனும் கரைந்தாயிற்று. சேகர் ஒரு லேபிளைத் திறந்தார். சொடக்குப் போடுகிற நேரத்தில் வந்து நின்றது. ஆபீஸே கைதட்டியது, நானும் தட்டினேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று உள்ளே கொதித்தது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். சேகர் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது அதுவரை என் மேசையருகே மட்டும் சிரித்த சிரிப்பு.

பிறகு என் கதவைத் தள்ள யாருக்கும் காரணமில்லை. கேபிளைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கிடங்கு இருந்த இடத்தில் செல்போன் கடை. எதைத் தொட்டாலும் நொடியில் திறக்கிறது. ஒரு படம் கோடு கோடாக இறங்க, இரண்டு பேர் பேசிக்கொண்டு காத்திருந்த அந்த நேரம் உலகத்திலேயே இல்லை. எனக்கு அது கடைசியாகத் தேவைப்பட்டது, அங்கே வேலையில் இருந்தபோதே, ஒரு தை மாதத்தில். சேகரின் ஃபோல்டரில் 'அழைப்பிதழ்' என்று புதிதாக ஒரு கோப்பு இருந்தது. அக்காவுக்கு வரன் அமைந்துவிட்டது போலிருக்கிறது என்று திறந்தேன். பழைய சர்வராக இருந்தால் முதலில் மயில் இறங்கியிருக்கும், அப்புறம் முகூர்த்த நாள், அப்புறம் மணமகன். மணமகள் வருவதற்குள் மூடிவிட்டு எழுந்து போயிருப்பேன். நான் விரலை எடுப்பதற்குள் சேகரும் கௌசல்யாவும் ஜோடியாக வந்து நின்றார்கள்.