காலி வயலுக்குக் காவல்

இந்த ஊரில் ஒன்றுமில்லாத வயலுக்குக் காவல் போடுகிறார்கள். வேர்க்கடலையைப் பிடுங்கி, மூட்டை கட்டி, வண்டியேற்றி அனுப்பிய பிறகும் வெறும் மண்ணருகே கம்பும் கையுமாக ஓர் ஆள் நிற்பான். கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். செடியிலிருந்து அறுந்து மண்ணுக்குள் தங்கிவிட்ட கடலையை ஏழைப் பெண்கள் கிளறி எடுத்துவிடக் கூடாதாம். நிலம் எங்கள் கிறிஸ்தவ சபை மூப்பருடையது. பாதியைத் தொழிற்சாலைக்கு விற்றுவிட்டு மீதியை இப்படிக் காக்கிறார்.

ரங்கூனிலிருந்து என்னோடு கப்பலேறியவர்களுக்கு நான் கணக்கெழுதிய துணிக்கடை நினைவிருக்கும். யூத முதலாளி, வியாபாரம் மந்தமான மழைநாட்களில் எனக்கு எபிரெயம் சொல்லிக்கொடுத்தார். அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தியதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் சொல்கிறதே, அந்தப் பரதேசி எபிரெயத்தில் 'கேர்'. பிழைக்க வந்து உங்கள் நடுவே தங்கியவன். நிலமில்லாதவன், ஆனால் விளைச்சலில் பங்குள்ளவன். விடுவதற்கு 'அஸாவ்'. தாய் தகப்பனை விட்டுப் போவதற்கும் இதே சொல்தான். கொடு என்று அங்கே சொல்லவில்லை. கொடுக்கிறவன் முகத்தை வாங்குகிறவன் பார்த்தாக வேண்டும். விட்டுப்போனவன் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. பர்மியர் நம்மைக் 'கலா' என்றார்கள், அந்நியன் என்று. இங்கே கோபம் வந்தால் பரதேசி என்கிறார்கள். வேதத்தில் உரிமையாக இருந்த சொல் டீக்கடையில் வசவாகக் கிடக்கிறது.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாளும் நம்மோடு கப்பலில் வந்தவள்தான். விதவை, அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அந்த மாதச் சாப்பாடு அந்தக் கடலைதான். ஒரு வாரம் விரலால் மண்ணைக் கிளறிச் சேர்த்ததைத் தன் பழைய ரங்கூன் லுங்கியில் முடிந்து வைத்திருந்தாள். காவல்காரன் முடிச்சோடு பிடுங்கிக்கொண்டான். நான் மூப்பரிடம் போய் அது அவளுடைய பங்கு என்றேன். அவர் நான் தர்மம் கேட்பதாக எடுத்துக்கொண்டார்.

"இன்னா சார் நீங்க, கேட்டிருந்தா நானே ரெண்டு படி குட்த்திருப்பேனே. கேக்காம எட்த்துக்கினு போறதுதான் தப்பு."

கேட்க வேண்டியதில்லை என்பதுதான் சட்டம் என்றேன். வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோர் குடியுங்கள் என்றார்.

அடுத்த ஞாயிறு சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த பூசணி, கோழி, வாழைத்தார் எல்லாம் மேசையில் ஏலத்துக்கு இருந்தன. நடுவில் அந்த லுங்கி முடிச்சு. திருட்டுப் பொருளை வீட்டில் வைக்க மனமில்லாமல் மூப்பர் ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டாராம். அன்று வேதம் வாசிக்கும் முறை என்னுடையது. குறித்துத் தந்த சங்கீதத்தை விட்டுவிட்டு லேவியராகமத்தின் அந்த வரிகளை வாசித்தேன். முதல் ஆமென் மூப்பருடையது. ஏலத்தில் அந்த முடிச்சைக் கேட்டு எடுத்தவரும் அவரே; சபை கைதட்டியது.

பின்வரிசையிலிருந்து செல்லம்மாள் எழுந்து மேசைக்குப் போனாள். கடலையைக் கேட்கப் போகிறாள் என்று எல்லோரும் பார்த்தோம்.

"துணி என்னுது ஐயா," என்றாள். "கொட்டிக்கிட்டு அதை மட்டும் குடுங்க."

ஏலம் விட்டவர் அவசரமாக முடிச்சை அவிழ்த்துக் கூடையில் சாய்க்க, பாதி தரையில் சிதறி வாசலைத் தாண்டியும் உருண்டது. அவள் லுங்கியை இரண்டு முறை உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலடியில் கிடந்ததைப் பார்க்காமல் வெளியே போனாள். குனிந்து பொறுக்க அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை.

எண்ணிப் பார்க்கும் என் பழக்கம் அப்போதும் விடவில்லை. வாசற்படிக்கு உள்ளே கிடந்தவை சபையுடையவை, அவற்றை எண்ணவில்லை. படி தாண்டி மண்ணில் சிந்திக் கிடந்தவை நான்கு. குனிந்து பொறுக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். உள்ளே பூசணிக்கு ஏலம் தொடங்கியிருந்தது.