தேதிக்குப் பக்கத்தில் எதையும் எழுதாதே

மெஹர் அக்கா இறந்த செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. அவருடைய தங்கை போனில் அழுதுகொண்டே சொன்னார்: "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க கண்ணு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கப்புறம் அடக்கம். மொகம் பாக்கறதுன்னா மூணு மணிக்குள்ள வந்துரு." அன்று பதினோரு மணிக்கு நான் மெஹர் அக்காவிடம் போவதாக இருந்தேன். விலக்காகி நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. முந்தின நாள் சோதித்துப் பார்த்ததில் இரண்டு கோடு. கணவரிடம்கூட வாயைத் திறக்கவில்லை. முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஏற்காட்டில் அவர் கணவரின் பேக்கரிக்கு மேலிருந்த அந்த அக்குபஞ்சர் அறையை உங்களில் பலருக்குத் தெரியும். நாகலூர் பஸ்ஸில் ஒன்றாக வந்து இறங்கி, பன் வாங்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒருத்தி பின் ஒருத்தியாக அந்தப் படியில் ஏறியவர்கள்தானே நாம்! யாரை ஏமாற்றினோமோ தெரியவில்லை.

முதல் தடவை போனபோது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். ஒரு மாதம் இரண்டு நாள் உதிரம் படும், அடுத்த மாதம் இருபது நாள் படும். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பின்னறையில் படுக்கை, தனித்தட்டு. பாதி மாதம் நான் பின்னறையில்தான் இருந்தேன். உதிரம் பட்ட தேதிகளைக் குறித்து வைத்த காலண்டரை அக்காவிடம் நீட்டினேன். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தேன். பப்பாளி தின்றது. காபி மூட்டை தூக்கியது. மஞ்சக்குட்டை போகும் ஜீப்பில் குலுங்கியது. பாதி நானே கண்டுபிடித்தவை, பாதி என் மாமியார் சொன்னவை. அக்கா எல்லாவற்றையும் படித்துவிட்டு, ரப்பரை எடுத்துக் காரணங்களை மட்டும் அழித்தார்.

"தேதிய எழுது கண்ணு. பக்கத்துல எதையும் எழுதாத. காரணம் பாக்கறது டாக்டர் வேல. நீ தேடுனா எல்லாம் உன் தலையிலதான் வந்து விழும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப நான் ஒரு தப்பும் பண்ணலீங்களா?"

"பண்ணியிருப்ப. அதுக்கெல்லாம் ரத்தம் வராது."

குழந்தை பிறக்கும் என்று அவர் ஒரு நாளும் வாக்குக் கொடுத்ததில்லை. மணிக்கட்டிலும் காலிலும் முடி போன்ற ஊசியைக் குத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் நன்றாகத் தூங்குவேன். ஒருமுறை பதினைந்து நாளாகியும் உதிரம் நிற்காததால் அவர் முன்னால் போய் நின்றேன். நாடி பார்த்தவர் ஊசிப் பெட்டியை மூடிவிட்டார். "இன்னைக்கு ஊசி கெடையாது. சேலம் போய் ஸ்கேன் எடு." கைவிடுகிறாரே என்று அங்கேயே சண்டை போட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னுடன் பஸ் ஏறினார். மலை இறங்கும்வரை என் கையை விடவில்லை. கர்ப்பப்பையில் சதை வளர்ந்திருந்தது. அதை எடுத்த பிறகுதான் உதிரப்போக்கு ஓர் ஒழுங்குக்கு வந்தது.

ஸ்கேன் எடுத்துத் திரும்பும் வழியில் அவராகத்தான் சொன்னார். "எனக்கு நாலு கலைஞ்சுது. ஊட்டுல நாலுக்கும் நாலு காரணம் சொன்னாங்க. நாலையும் நான் நம்புனேன் பாரு, அதான் நான் பண்ணுன தப்பு."

அவர் இறந்த அன்று, கடைசியாக முகம் பார்க்கப் போவதற்குத்தான் நான் யோசித்தேன். எங்கள் பக்கம் வயிற்றில் பிள்ளையோடு சாவு வீட்டு வாசல் மிதிக்க மாட்டார்கள். போகாமல் இருந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். போய், பிறகு ஏதாவது ஆனால் எதைக் காரணமாகச் சொல்வார்கள் என்றும் தெரியும். மணி பன்னிரண்டாயிற்று. மாமியாருக்குத் தெரியாமல் போக மனசு வரவில்லை.

"அத்தை, நாப்பத்தாறு நாளாச்சுங்க. நான் அக்கா மொகத்தப் பாத்துட்டு வந்தர்றேனுங்க."

அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "ஒம்பது வருசங் கழிச்சு வந்திருக்குது சாமி. நொம்ப பயமா இருக்குது. சாவு ஊட்டுக்குப் போவாத." அழுதுவிட்டார். அவரைத் திட்டவும் முடியவில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கையைப் பிடித்து மெல்ல விலக்கிவிட்டுப் போனேன்.

வெள்ளைத் துணிக்குள் அக்கா முகம் மட்டும் தெரிந்தது. கற்பூர வாசம். குனிந்து, "ரெண்டு கோடுங்க அக்கா" என்றேன்.

நான்காம் நாள் காலையில் உதிரம் பட்டது. மாமியார் திட்டவில்லை, திட்டியிருந்தாலாவது தேவலை. சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். "துடிப்பு இருக்குதும்மா. ஆனா இப்ப எதுவும் சொல்ல முடியாது. பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர். இன்று அதில் ஆறாம் நாள். படுத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். இந்தத் தடவை பின்னறை இல்லை. மாமியார் தன் கட்டிலையே எனக்குக் கொடுத்துவிட்டார்.

நேற்றுக் கஞ்சி கொண்டுவந்தவர் காலண்டர் முன்னால் நின்றுவிட்டார். பென்சில் அங்கேயே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பட்ட அன்னைக்குத் தேதி மட்டும் சுழிச்சிருக்குது. பக்கத்துல ஒண்ணும் எழுதலையா கண்ணு?"

"இல்லீங்க அத்தை."

பென்சிலைத் தொடவில்லை. "கஞ்சி ஆறிப்போவுது, குடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஹர் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் காலி இடம். இன்னும் நான்கு நாள். டாக்டர் என்ன சொன்னாலும் அதில் நான் எதையும் எழுத மாட்டேன்.