கூட்டாமல் விட்ட மூலை

மாடித் தொட்டிக்கு வாங்கிய உரமூட்டையைப் பிரித்ததும் எழுந்த மக்கிய சருகின் வாசனை, என்னைப் பழைய பூங்காவின் மூங்கில் புதருக்கே கொண்டுபோய்விட்டது. பங்குனியில் வடக்கே திரும்பும் ஆறுமணிக் குருவிகள் அங்கே இறங்கிச் சருகைக் கிளறிப் புழு தின்னும் என்பதால், பூங்கா கூட்டும் அஞ்சலையக்கா அந்த மூலையில் மட்டும் துடைப்பம் வைக்கமாட்டார்.

"அதுங்க போவட்டும், அப்புறம் கூட்டிக்கிறேன்" என்பார்.

சின்ன வயதில், மில் வேலை முடிந்து வரும் அப்பாவோடு அங்கே குந்தியிருப்பேன். ஆறு மணிக்குக் குருவியின் இரட்டை விசில் கேட்கும்.

"அசையாத, வந்துட்டான்" என்பார் அப்பா.

சருகுக்குள் பச்சையும் நீலமும் ஒருகணம் துள்ளும்.

இப்போது அங்கே நடப்பவர்களுக்காக டைல்ஸ் பதித்துவிட்டார்கள். புழுகூட நெளியாத சுத்தம்.

மிஞ்சிய உரத்தை மாடி மூலையில் பரப்பியிருக்கிறேன். பங்குனிதான். மணி ஆறாகப்போகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.